'வந்திருந்தா' ஸ்பானியத்தில் எங்கே வழுக்குகிறது: உபியெரா பிழைகளும் திருத்தமும்

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். அப்படிப்பட்ட வருஷத்தில் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் டீக்கடைப் பேச்சு எப்படி இருக்கும்? "தண்ணி ஜூன்லயே வந்திருந்தா விதைச்சிருப்போம்." ஸ்பானியம் படிக்கிறவர் பி2 என்ற உயர்நடுத்தர நிலைக்கு வந்ததும் அவரை மிரட்டுகிற பாடம் அச்சு அசலாக இந்த வாக்கியம்தான்:

"சி எல் அகுவா உபியெரா யெகாதோ என் ஹூனியோ, அப்ரியாமோஸ் செம்ப்ராதோ."

நடக்காமல் போன நிபந்தனையைச் சொல்ல 'வந்திருந்தா' என்று ஒரு துண்டு, அதன் விளைவைச் சொல்ல 'விதைச்சிருப்போம்' என்று இன்னொரு துண்டு. ஸ்பானியமும் இதே கணக்கில் 'உபியெரா யெகாதோ', 'அப்ரியாமோஸ் செம்ப்ராதோ' என்று பிரித்து வைத்திருக்கிறது. புத்தகத்தில் இதன் பெயர் 'ப்லுஸ்குவாம்பெர்ஃபெக்தோ தெ சுப்ஹுன்தீபோ'. சில லத்தீன் அமெரிக்கப் புத்தகங்களில் 'அந்தெப்ரெத்தெரித்தோ' என்றும் இருக்கும், இரண்டும் ஒன்றே. பெயர்தான் பயமுறுத்தும். தமிழில் பேசுகிறவர் தினமும் புழங்குகிற கட்டுமானத்தை ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்ப் பிடிக்கப் பார்ப்பதால்தான் பாதிப் பிழை. மீதிப் பாதி, தமிழே காலை வாருகிற சில இடங்கள். இரண்டையும் கீழே அறிகுறி வாரியாகப் பார்க்கலாம்.

எழுத்து பற்றி ஒரு வார்த்தை. இங்கே ஸ்பானியச் சொற்களை ஒலிப்படி எழுதியிருக்கிறது. எழுத்துக்கூட்டலுக்கு அகராதி பாருங்கள். உபியெரா, அப்ரியா இரண்டுக்கும் முன்னால் 'ஆச்சே' என்ற எழுத்து உண்டு. எழுத வேண்டும், ஒலிக்கக் கூடாது. 'ஹ' என்று வருகிற இடங்கள் 'ஹோத்தா' எழுத்து; அது ஒலிக்கும். 'ம்ப', 'ந்த' போன்ற இடங்களில் ஒலி வல்லினமா மெல்லியதா என்று தமிழ் எழுத்து காட்டாது; அங்கே மட்டும் ஒலிப்பதிவைக் கேட்டுவிடுங்கள்.

முதலில் சரியான வடிவம்

இரண்டு பாகம். முதல் பாகம் 'அபேர்' என்ற துணைவினை, ஆறு வடிவம்:

நான்: உபியெரா
நீ: உபியெராஸ்
அவன், அவள், அது, மரியாதை ஒருமை 'நீங்க': உபியெரா
நாம், நாங்க: உபியெராமோஸ்
ஸ்பெயினில் நண்பர் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லும் 'நீங்க': உபியெராய்ஸ்
அவங்க, பன்மை 'நீங்க': உபியெரான்

இரண்டாம் பாகம் 'தோ' வடிவம். வினையின் மூலம் 'ஆர்' என்று முடிந்தால் 'ஆதோ'. 'ஏர்', 'ஈர்' என்று முடிந்தால் 'ஈதோ'. செம்ப்ரார் (விதைக்க) செம்ப்ராதோ. ரெகார் (தண்ணீர் பாய்ச்ச) ரெகாதோ. கொசெச்சார் (அறுவடை செய்ய) கொசெச்சாதோ. பெந்தேர் (விற்க) பெந்திதோ. பிபீர் (வாழ) பிபிதோ. ஒழுங்கான வினைகளுக்கு இவ்வளவுதான்.

விளைவைச் சொல்லும் பக்கத்துக்கு அப்ரியா, அப்ரியாஸ், அப்ரியா, அப்ரியாமோஸ், அப்ரியாய்ஸ், அப்ரியான். அதன் பின்னாலும் அதே 'தோ' வடிவம்.

அறிகுறி: 'சி'க்குப் பின்னால் 'அபியா' வருகிறது

'சி' என்றால் நம் '-ஆல்', 'அபியா' என்பது 'அபேர்' வினையின் சாதாரண இறந்தகால வடிவம். "சி எல் அகுவா அபியா யெகாதோ..." என்று எழுதிவிட்டு, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று உட்கார்ந்திருப்பார்கள். ஆங்கிலத்தில் இந்த இடத்தில் வருவது சாதாரண இறந்தகால வடிவம். அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்ததன் விளைவு இது. காரைக்காலில் பிரெஞ்சு படித்துவிட்டு ஸ்பானியத்துக்கு வருகிறவர்களுக்கு இன்னும் அழுத்தமாக வரும். பிரெஞ்சும் 'சி'க்குப் பின்னால் 'அவே' என்ற சாதாரண வடிவத்தைத்தான் போடுகிறது. 'சி' என்ற சொல்லும் ஒன்றாகவே இருப்பதால் கை தானாக அங்கே போய்விடும்.

இந்தத் தவறில் உள்ள ஆபத்து, அது அர்த்தமில்லாத வாக்கியம் ஆகாமல் வேறு அர்த்தத்துக்குப் போய்விடுவது. "சி எல் அகுவா அபியா யெகாதோ, போர் கே நோ செம்ப்ராரோன்?" என்றால் "தண்ணிதான் வந்திருந்துச்சே, அப்புறம் ஏன் விதைக்கல?" என்று பொருள். அதாவது தண்ணீர் வந்தது உண்மை. நீங்கள் வராத தண்ணீரைப் பற்றிப் பேச, கேட்கிறவர் வந்த தண்ணீரைப் பற்றி யோசிப்பார்.

திருத்தம்: எழுதியதைத் தமிழில் திருப்பிப் பாருங்கள். 'வந்திருந்துச்சே' என்று முடிந்தால் அபியா. 'வந்திருந்தா' என்று முடிந்து, உண்மையில் வராமல் போயிருந்தால் உபியெரா.

அறிகுறி: இரண்டு பக்கமும் 'அப்ரியா'

"சி அப்ரியா அபொனாதோ எல் கம்போ, அப்ரியா கொசெச்சாதோ மாஸ்." வயலுக்கு உரம் போட்டிருந்தால் கூடுதலாக அறுத்திருப்பேன் என்று சொல்ல வந்தது. முதல் அப்ரியா தவறு. தமிழில் வைத்துப் பார்த்தால் இது "உரம் போட்டிருப்பேன், அதிகம் அறுத்திருப்பேன்" என்கிற மாதிரி. நிபந்தனையே காணாமல் போய்விட்டது. 'சி'யும் அப்ரியாவும் நிபந்தனை வாக்கியத்தில் ஒட்டாது என்று ஒரே வரியில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

வட ஸ்பெயினில் பாஸ்க் நாடு, பூர்கோஸ், லா ரியோஹா பக்கத்துப் பேச்சில் இதைக் கேட்க நேரிடும். அவர்கள் ஊர்ப் பேச்சு அது. தெலே என்ற ஸ்பானிய மொழித் திறன் தேர்வில் எழுதினால் மதிப்பெண் போகும்.

இதற்கு நேர் எதிரான கேள்வியும் வரும்: இரண்டு பக்கமும் உபியெரா போட்டால்? "சி உபியெரா அபொனாதோ எல் கம்போ, உபியெரா கொசெச்சாதோ மாஸ்." இது சரி. ஸ்பானியர்களே இப்படித்தான் நிறையப் பேசுகிறார்கள். அவசரத்தில் அப்ரியா நாக்கில் வராவிட்டால் உபியெராவை இரண்டு இடத்திலும் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். தலைகீழாக மட்டும் தப்பிக்க முடியாது.

அறிகுறி: யாராக இருந்தாலும் 'உபியெரா'

தமிழர் செய்யும் பிழைகளில் நாங்கள் முதலிடம் தருவது இதற்குத்தான். எந்த ஆங்கிலப் பாடப்புத்தகமும் இதை எச்சரிக்காது, ஏனென்றால் இது தமிழிலிருந்து வருகிற பிழை. 'வந்திருந்தா' யாருக்கும் மாறாது: நான் வந்திருந்தா, நீ வந்திருந்தா, அவங்க வந்திருந்தா. ஆளைக் காட்டும் விகுதி எல்லாம் வாக்கியத்தின் கடைசியில், 'இருப்பேன், இருப்பே, இருப்பாங்க' என்று போய் உட்காரும். அந்தப் பழக்கத்தில் அப்ரியா பக்கத்தை அழகாகத் திருத்திப் போடுகிற மாணவர், உபியெரா பக்கத்தை மரமாக விட்டுவிடுவார்.

திருத்துவதற்கு ஒரே வழி, இரண்டு பக்கமும் வேறு வேறு ஆள் வருகிற வாக்கியங்களில் பழகுவது. நெல் கொள்முதல் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் மூட்டை திரும்பிவிடும். "நாங்க நெல்லைக் காயவச்சிருந்தா அவங்க வாங்கியிருப்பாங்க":

"சி உபியெராமோஸ் செகாதோ எல் அர்ரோஸ், லோ அப்ரியான் கொம்ப்ராதோ."

முதல் பக்கம் 'மோஸ்', இரண்டாம் பக்கம் 'ன்'. இப்போது ஆளை மாற்றுங்கள்: நீ காயவச்சிருந்தா நாங்க வாங்கியிருப்போம். "சி உபியெராஸ் செகாதோ எல் அர்ரோஸ், லோ அப்ரியாமோஸ் கொம்ப்ராதோ." ஆறு ஆளையும் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் போட்டால் 36 வாக்கியம். அவ்வளவும் தேவையில்லை, ஒரே ஆள் இரண்டு பக்கமும் வருகிற ஆறை விட்டுவிட்டு, மீதியில் ஒரு பத்தை வாய்விட்டுச் சொன்னாலே மரத்துப்போன இடம் அசையும்.

நானும் அவனும் ஒரே வடிவம் என்பதால் குழப்பம் வருகிற இடத்தில் 'யோ', 'எல்', 'எயா' என்று ஆளை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மற்ற இடங்களில் சொல்ல வேண்டாம். சொன்னால் அழுத்தம் விழும்.

அறிகுறி: பெரியவர் ஒருவரிடம் 'உபியெரான்'

"மாமா, நீங்க சொல்லியிருந்தா..." இங்கே மாமா ஒருவர்தான். ஆனால் 'நீங்க' பன்மை போல ஒலிப்பதால் "சி உஸ்தேத் உபியெரான் அபிசாதோ" என்று வந்துவிடும். ஸ்பானியத்தில் மரியாதை ஒருமையான 'உஸ்தேத்' அவன், அவள் வடிவத்தை எடுக்கும்: "சி உஸ்தேத் உபியெரா அபிசாதோ." இரண்டு மூன்று பெரியவர்கள் என்றால்தான் 'உஸ்தேதேஸ் உபியெரான்'. ஆங்கிலப் பாதையில் வருகிறவர்கள் இதே இடத்தில் 'உபியெராஸ்' போடுவார்கள். அது மாமாவை 'நீ' என்று கூப்பிட்டதற்குச் சமம்.

அம்மாவையும் டீச்சரையும் 'அவங்க' என்று சொல்லும் பழக்கமும் இதே வேலையைச் செய்யும். "அம்மா கூப்பிட்டிருந்தாங்கன்னா" என்பதை "சி மி மாத்ரே உபியெரா யமாதோ" என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா ஒருத்தி, ஸ்பானியத்தில் மரியாதைக்காக எண்ணிக்கை கூடாது.

அறிகுறி: 'முடிச்சிருந்தா வா' என்பதற்கும் உபியெரா

தமிழைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்று மேலே சொன்னோம். அது கவிழும் இடம் இது. "வேலைய முடிச்சிருந்தா வா" என்கிறபோது முடிக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. முடித்திருக்கலாம், முடிக்காமலும் இருக்கலாம். 'இருந்தா' இங்கேயும் வருகிறது. ஆனால் ஸ்பானியத்தில் "சி அஸ் தெர்மினாதோ, பென்" என்றுதான் வரும், சப்ஜங்க்டிவ் (உபியெரா வகை வடிவம்) கிடையாது.

எனவே 'இருந்தா'வை மட்டும் பார்க்காமல் வாக்கியத்தின் கடைசி வினையைப் பாருங்கள். அங்கே 'வா, போ, வருவேன், தரேன்' என்று நடக்கக்கூடிய எதுவும் இருந்தால் உபியெராவுக்கு வேலையில்லை. 'வந்திருப்பேன், வந்திருக்கும், வந்திருக்க மாட்டேன்' என்று 'இருப்பு' தொனித்தால் உபியெரா.

கடைசி வினை நிகழ்காலத்தைப் பேசும் கலப்பு வாக்கியங்களும் உண்டு: "அப்பவே வித்திருந்தா இப்ப பணம் இருக்கும்." முதல் பக்கம் சந்தேகமில்லாமல் உபியெரா. இரண்டாம் பக்கத்தில் 'இருக்கும்' என்பதை எதிர்காலம் என்று நினைத்து 'தெந்த்ரா' போடுவார்கள். 'தெந்த்ரியா' போட வேண்டும். அந்தப் பணம் இப்போது கையில் இல்லை அல்லவா!

அறிகுறி: 'வந்திருப்பான்' எங்கே போவதென்று தெரியவில்லை

தமிழில் ஒரே வடிவம் இரண்டு வேலை பார்க்கிறது. "இந்நேரம் கும்பகோணம் வந்திருப்பான்" என்பது ஊகம். அதற்கு 'அப்ரா': "யா அப்ரா யெகாதோ அ கும்பகோணம்." "பஸ்ஸைப் பிடிச்சிருந்தா வந்திருப்பான்" என்பது நடக்காத விளைவு. அதற்கு 'அப்ரியா'. இரண்டையும் மாற்றிப் போட்டால், வராதவனை வந்துவிட்டதாகச் சொல்வது போல ஆகும். சோதனை எளிது: 'வந்திருப்பான்'க்குப் பின்னால் "ஆனா வரல" என்று சேர்த்துச் சொல்ல முடிந்தால் அப்ரியா, முடியாவிட்டால் அப்ரா.

'வந்திருக்கலாம்' இன்னும் மோசம். "அவன் வந்திருக்கலாம், போய்ப் பாரு" என்றால் வாய்ப்பு. அதற்கு "புவேதே கெ ஆயா யெகாதோ." "அட, கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்" என்றால் வருத்தம், அங்கேதான் கீழே வரும் ஓஹலா.

அறிகுறி: ஓஹலாவுக்குப் பின்னால் எதைப் போடுவது என்று தடுமாற்றம்

ஆசையைச் சொல்லும் 'ஓஹலா'வுக்கு மூன்று படி. மூன்றுக்கும் டெல்டாவில் வாக்கியம் தயாராக இருக்கிறது.

மேகம் கருத்திருக்கிறது, பெய்தாலும் பெய்யும். "மழை பெய்யணும்": "ஓஹலா யுவெபா."

ஐப்பசியிலும் வானம் வெளுத்துக் கிடக்கிறது. "பெஞ்சா நல்லாருக்கும்": "ஓஹலா யொபியெரா."

சம்பா கருகிவிட்டது. "பெஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும்": "ஓஹலா உபியெரா யொபிதோ."

மூன்றாவது படிதான் நம் பாடம். முடிந்துபோன, இனி மாற்ற முடியாத காரியத்துக்கு மட்டும். தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம் படியில் நின்றுவிடுகிறார்கள். 'யொபியெரா' என்று கேட்டால் எதிராளி இன்னும் மழைக்கு நேரம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வார். 'நேத்து', 'போன வருஷம்' என்று ஒரு கால அளவை வாக்கியத்தில் நுழைத்துப் பாருங்கள். அது தமிழில் பொருந்தினால் மூன்றாம் படி.

அறிகுறி: 'ஆயா'வும் 'உபியெரா'வும் மாறிப் போகின்றன

'நம்பல, சந்தோஷம், எதிர்பார்த்தேன்' போன்ற வினைகளுக்குப் பின்னால் 'கெ' போட்டு வருகிற வாக்கியங்கள் இவை. 'ஆயா' என்பது 'அபேர்' வினையின் நிகழ்கால சப்ஜங்க்டிவ். விதி ஒன்றே: வெளி வினை நிகழ்காலம் என்றால் 'ஆயா', இறந்தகாலம் என்றால் 'உபியெரா'.

"எஸ்பேரோ கெ எல் அகுவா ஆயா யெகாதோ." தண்ணி வந்திருக்கும்னு எதிர்பார்க்கிறேன்.
"எஸ்பெராபா கெ எல் அகுவா உபியெரா யெகாதோ." தண்ணி வந்திருக்கும்னு எதிர்பார்த்தேன்.

தமிழில் உள் வினை 'வந்திருக்கும்' இரண்டிலும் மாறவில்லை. அதனால்தான் நம் காது எச்சரிக்காமல் விட்டுவிடுகிறது. எதிர்மறையில் நிலைமை இன்னும் கடினம்: 'நம்பல', 'நினைக்கல' என்பவை இப்போதைக்கும் அப்போதைக்கும் பொதுவானவை. "தண்ணி வந்திருக்கும்னு நான் நினைக்கல" என்று ஒருவர் சொன்னால், இப்போது சொல்கிறாரா, அப்போது நினைத்ததைச் சொல்கிறாரா? இடம் பார்த்துத்தான் தெரிய வேண்டும். மொழிபெயர்ப்பதற்கு முன் வெளி வினைக்குப் பக்கத்தில் 'இப்ப' அல்லது 'அப்ப' என்று பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். இப்ப: "நோ க்ரேயோ கெ ஆயா யெகாதோ." அப்ப: "நோ க்ரெயியா கெ உபியெரா யெகாதோ."

இந்த விதியைக் கற்றதும் இன்னொரு நோய் வரும்: இறந்தகாலத்தைக் கண்டாலே உபியெரா. "நீ வரணும்னு நினைச்சேன்" என்பதில் நினைத்தது முதலில், வருவது பிறகு. அங்கே ஒற்றைச் சொல் போதும்: "கெரியா கெ யெகாராஸ்." உள்ளே இருக்கும் செயல் வெளியே இருக்கும் செயலுக்கு முன்பே முடிந்திருந்தால் மட்டும் உபியெரா. 'வரணும்' என்றால் யெகாரா, 'வந்திருக்கும்' என்றால் உபியெரா யெகாதோ.

'மாதிரி' வாக்கியங்களுக்கு இந்தக் கணக்குப் பார்க்க வேண்டாம். 'கொமோ சி' வந்தால் வெளி வினை எந்தக் காலமாக இருந்தாலும் ஆயா வராது. "எல்லாத்தையும் வித்துட்ட மாதிரி பேசுறான்": "ஆப்லா கொமோ சி லோ உபியெரா பெந்திதோ தோதோ."

அறிகுறி: 'தோ' வடிவம் உடைகிறது

மூன்று விதமாக உடையும்.

நிகழ்காலத்தில் நடுவெழுத்து மாறுகிற வினைகளில் அந்த மாற்றத்தைக் கூட்டிக்கொண்டு வருவது முதல் விதம். சியெம்ப்ரோ (விதைக்கிறேன்) என்று படித்ததால் 'சியெம்ப்ராதோ'; பியெர்தோ (இழக்கிறேன்) என்று படித்ததால் 'பியெர்திதோ'. இரண்டும் தவறு. 'தோ' வடிவம் வினையின் மூலத்திலிருந்து நேராக வரும்: செம்ப்ரார், செம்ப்ராதோ. பெர்தேர், பெர்திதோ. ரெகார், ரெகாதோ. யொபேர், யொபிதோ.

பால், எண்ணுக்கு ஏற்ப மாற்றுவது இரண்டாவது. விதைகள் பெண்பால் பன்மை என்பதால் "லாஸ் செமீயாஸ் கெ உபியெரா செம்ப்ராதாஸ்" என்று எழுதுவார்கள். பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு இது கட்டாயம் வரும், அங்கே அதுதான் விதி. ஸ்பானியத்தில் 'அபேர்' குடும்பத்துக்குப் பின்னால் 'தோ' எப்போதும் 'தோ'தான். 'செர்', 'எஸ்தார்' பின்னால் வந்தால் மாறும். அது வேறு பாடம். பிரெஞ்சில் 'போ', 'வா' வகை வினைகளுக்குத் துணைவினை வேறு; அந்தக் கணக்கில் 'ஃபுவேரா யெகாதோ' என்று சொல்வதும் நடக்கும். ஸ்பானியத்தில் எல்லா வினைக்கும் அபேர்.

மூன்றாவது அழுத்தக்குறி. லெயீதோ, கயீதோ, ஓயீதோ, த்ராயீதோ இவற்றில் 'ஈ' மேல் குறி உண்டு. கொன்ஸ்த்ருயிதோ, உயிதோ இரண்டிலும் 'உ'வும் 'இ'யும் சேர்கின்றன. அங்கே குறி கிடையாது. துணைவினைப் பக்கம் உபியெராமோஸ் ஒன்றில் மட்டும் குறி, அப்ரியாவில் ஆறிலும்.

ஒழுங்கு மாறுகிற வினைகள் (எஸ்க்ரித்தோ, அபியெர்த்தோ, ரோத்தோ, எச்சோ, திச்சோ, பிஸ்தோ, புவெஸ்தோ, புவெல்தோ, முவெர்த்தோ) இந்தப் பக்கத்தின் எல்லைக்கு வெளியே. ஆனால் 'எஸ்க்ரிபிதோ' என்று எழுதிவிடாமல் இருக்க இந்த ஒன்பதையும் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள். எண்ணெயில் பொரிக்கும் 'ஃப்ரெயீர்' இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது: ஃப்ரெயீதோ, ஃப்ரீத்தோ, எதைச் சொன்னாலும் சரி.

அறிகுறி: உபியெராவுக்கும் 'தோ'வுக்கும் நடுவில் ஏதோ நுழைகிறது

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தில் கரை கடந்தது. "புயல் வராம இருந்திருந்தா தென்னை விழுந்திருக்காது" என்பதை எழுதச் சொன்னால் "உபியெரா நோ யெகாதோ" என்று வருகிறது. மறுப்பு எப்போதும் முன்னால்:

"சி எல் சிக்லோன் நோ உபியெரா யெகாதோ, லோஸ் கொக்கொத்தெரோஸ் நோ அப்ரியான் கயீதோ."

'லோ', 'மே', 'தே' போன்ற குட்டிச் சொற்களும் அப்படியே: "சி மே லோ உபியெராஸ் கொந்தாதோ" (நீ என்கிட்ட அதைச் சொல்லியிருந்தா). மறுப்பு, குட்டிச் சொற்கள், உபியெரா, 'தோ'. வரிசை இதுதான்.

தமிழில் "தெரிஞ்சிருந்தா வந்திருக்கவே மாட்டேன்" என்றால் எது தெரிந்திருந்தால் என்று சொல்லாமலே விளங்கும். ஸ்பானியத்தில் அந்த 'அது'வை வழக்கமாகச் சொல்வார்கள்: "சி லோ உபியெரா சபிதோ, நோ அப்ரியா பெனிதோ." 'லோ' விட்டுப்போனால் வாக்கியம் அரைகுறையாகக் கேட்கும்.

அறிகுறி: எழுத்தில் சரி, பேசினால் புரியவில்லை

உபியெரா மூன்று அசை: உ, பியெ, ரா. நாம் 'உ-பி-யெ-ரா' என்று நான்காக உடைக்கிறோம். 'வியாபாரம்' என்பதில் 'வியா'வைச் சேர்த்துச் சொல்வது போல 'பியெ'வை ஒரே மூச்சில் சொல்லுங்கள், அழுத்தம் அதன்மேல்தான். உபியெராமோஸிலும் அழுத்தம் இடம் மாறாது. 'சி உபியெரா' என்பதில் இடைவெளி விடாமல் 'சியுபியெரா' என்று ஓட்டிவிடுங்கள்.

'ரா'வில் தமிழ் 'ர' போதும். 'தோ'வுக்கு 'அதோ' என்பதில் வரும் மெல்லிய 'த' கச்சிதமாகப் பொருந்தும். ஆங்கிலப் பழக்கத்தில் 'செம்ப்ராடோ' என்று 'ட' போடுகிறவர்கள் கையில் இருக்கும் சரியான ஒலியைத் தூக்கி எறிகிறார்கள்.

அறிகுறி: புத்தகத்தில் 'உபியெசே' என்று இருக்கிறது

பிழை ஒன்றுமில்லை. உபியெசே, உபியெசெஸ், உபியெசே, உபியெசெமோஸ், உபியெசெய்ஸ், உபியெசென் என்று இன்னொரு வரிசை உண்டு. 'சி' பக்கத்தில் இரண்டும் சமம். பேச்சில், குறிப்பாக லத்தீன் அமெரிக்காவில், உபியெராதான் அதிகம். விளைவுப் பக்கத்தில் மட்டும் உபியெசே வேண்டாம். கறாரான ஆசிரியர்கள் ஏற்க மாட்டார்கள். படித்தால் புரியும் அளவுக்கு உபியெசே, பேச உபியெரா என்று வைத்துக்கொள்ளலாம்.

'சி உபியெரா சபிதோ' என்பதற்குப் பதில் 'தெ அபேர் சபிதோ' என்று வந்தாலும் திகைக்க வேண்டாம். பொருள் அதேதான், ஆள் விகுதியே தேவையில்லை. உபியெராவின் ஆறு வடிவத்தில் சறுக்குகிறவர்களுக்கு நல்ல குறுக்கு வழி.

சோதித்துப் பார்க்க

விடையை மறைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். எந்த வரியில் தவறுகிறதோ அந்த அறிகுறிக்கு மட்டும் திரும்பிப் போனால் போதும்.

"உரம் போட்டிருந்தேன்னா நெல் நல்லா வளர்ந்திருக்கும்."
சி உபியெரா அபொனாதோ, எல் அர்ரோஸ் அப்ரியா க்ரெசிதோ பியென்.

"விதைச்சு முடிச்சிருந்தா வா."
சி அஸ் தெர்மினாதோ தெ செம்ப்ரார், பென். இது திறந்த நிபந்தனை. உபியெரா போட்டிருந்தால் கடைசி வினையைப் பார்க்கவில்லை.

"அத்தை, நீங்க கூப்பிட்டிருந்தா காத்திருந்திருப்பேன்."
தியா, சி உஸ்தேத் உபியெரா யமாதோ, அப்ரியா எஸ்பெராதோ.

"மழை விட்டிருக்கும்னு அப்ப நான் நம்பவே இல்ல."
நோ க்ரெயியா கெ உபியெரா பராதோ தெ யொபேர்.

"இந்நேரம் நெல்லை வித்திருப்பாங்க."
யா அப்ரான் பெந்திதோ எல் அர்ரோஸ். "ஆனா விக்கல" என்று இங்கே சேர்க்க முடியாது.

"அப்பவே அதை வித்திருந்தா இப்ப நமக்குக் கடன் இருக்காது."
சி லோ உபியெராமோஸ் பெந்திதோ எந்தொன்செஸ், அஓரா நோ தெந்த்ரியாமோஸ் தெவ்தாஸ். இதில் குட்டிச் சொல், ஆள் விகுதி, கலப்புக் காலம் மூன்றும் சேர்ந்து வருகின்றன. முதல் ஐந்தும் சரியாக வந்த பிறகே இதை எடுங்கள்.